பிரேக்கை வீட்டில் மாற்றலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஐயா, எங்களிடம் ஒரு பழைய சுசுகி அல்டோ இருக்கிறது. கணவர் கட்டாரில் வேலை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கி ஏற்றுவது, சந்தைக்குப் போவது எல்லாம் நான்தான். ஒரு கிழமையாக முன் சில்லில் 'கிறீச்' என்று சத்தம். பிரேக் பேட் முடிகிறது என்றார்கள். சில்லு மாற்ற எனக்குத் தெரியும். போனில் வீடியோ பார்த்தால் பேட் மாற்றுவதும் செய்யக்கூடிய வேலையாகத்தான் தெரிகிறது. ஆனால் மாமா 'பிரேக்கில் மட்டும் கை வைக்காதே பிள்ளை' என்கிறார். நானே செய்யலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: செய்யலாம் மகள். மாமா பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே எதுவரை கை வைக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை முதலில் சொல்கிறேன்.

டிப்போவில் பிட்டராக இருந்த காலத்திலிருந்தே பிரேக் வேலையைக் காய்ந்த வேலை, ஈர வேலை என்று இரண்டாகப் பிரித்துத்தான் நான் பார்ப்பேன். சில்லோடு சுற்றும் டிஸ்க், அதை இறுக்கிப் பிடிக்கும் பேட், பேட்டைத் தாங்கும் காலிப்பரின் பின், டிரம்முக்குள் உரசும் லைனர் இதெல்லாம் காய்ந்த வேலை. பிரேக் ஒயில் அடைபட்டபடியே இருக்கும், ஒரு சொட்டும் வெளியே வராது. ஹோஸ், பைப், சில்லில் உள்ள வீல் சிலிண்டர், பிரேக்கை மிதித்தால் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஈர வேலை. அதில் எதைக் கழற்றினாலும் ஒயில் வெளியே வரும், காற்று உள்ளே போகும். காய்ந்த வேலையை நிதானம் உள்ள எவரும் வீட்டு வளவில் செய்யலாம். ஈர வேலையைத் தொழில் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்காமல் தொட வேண்டாம்.

உங்களுக்குக் கேட்கும் கிறீச் சத்தம் பெரும்பாலும் பேட்டில் இருக்கும் சின்னத் தகட்டின் சத்தம். பேட் 2, 3 மில்லிமீற்றர் அளவுக்குத் தேய்ந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கில் உரசிக் கத்தும், அதற்காகவே வைத்திருக்கிறார்கள். சத்தம் 'கர்கர்' என்று மாறினால் இரும்பும் இரும்பும் தேய்கிறது என்று அர்த்தம். அதன் பிறகு காரை எடுக்காதீர்கள்.

நாளைத் தெரிவு செய்யும்போது ஞாயிறும் போயாவும் வேண்டாம். பாதியில் ஒரு பின் முறிந்தாலோ பேட் பொருந்தாவிட்டாலோ கடை பூட்டியிருக்கும், காரும் மூன்று சில்லில் நிற்கும். முதல் தடவை என்றால் காலையிலேயே தொடங்குங்கள்.

அடுத்தது தரை. உப்புவெளியில் பாதி வளவு கடல் மணல். ஜக்கை நேரே மணலில் வைத்தால் கார் ஏற ஏற ஜக் புதையும், பிறகு சரியும். சீமெந்துத் தரை இல்லையென்றால் தடித்த அகலமான பலகை ஒன்றைக் கீழே போடுங்கள். பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் அடை கொடுத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, கியரில் போட்டுவிடுங்கள். நட்டுகளைச் சில்லு தரையில் இருக்கும்போதே கொஞ்சம் இளக்க வேண்டும். தூக்கிய பிறகு ஜக்கை மட்டும் நம்பக் கூடாது. ஸ்டாண்ட் ஒன்றை இரவல் வாங்கியாவது வையுங்கள். மதில் கட்டும் சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துகிறார்கள், அதைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது. நடுவில் கோறையான அந்தக் கல், முன்கூட்டி எந்த அடையாளமும் காட்டாமல் ஒரே நொடியில் தூளாகும். கழற்றிய சில்லையும் காரின் ஓரத்துக்குக் கீழே தள்ளி வையுங்கள். எல்லாம் தவறினாலும் கார் அதன்மேல்தான் வந்து இருக்கும்.

இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். ஒரு பக்கம் முடித்துச் சில்லைப் போட்ட பிறகே மற்றப் பக்கம். ஏதாவது சந்தேகம் வந்தால் பிரிக்காத பக்கத்தைப் பார்த்து எது எங்கே என்று கண்டுகொள்ளலாம். பேட் மட்டும் இடம் வலம் இரண்டுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது மறுபக்கம் பழையது என்றால் பிரேக் அடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

சில்லைக் கழற்றியதும் டிஸ்க்கைக் கவ்விக்கொண்டு நிற்பது காலிப்பர். அதைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டும் பெரும்பாலான சின்னக் கார்களில் 12 அல்லது 14 ஸ்பனருக்கு வரும். கீழ் போல்ட்டைக் கழற்றிக் காலிப்பரை மேலே மடக்கலாம். முழுதாகக் கழற்றினால் ஹோஸில் தொங்க விடாதீர்கள், கம்பியால் சில்லுக்கு மேலே உள்ள சுருள் ஸ்பிரிங்கில் கட்டித் தூக்குங்கள். ஹோஸ் உள்ளே பிய்ந்தால் வெளியே தெரியாது. உள்ளே படிந்த தூசியை வாயால் ஊதவும் வேண்டாம், கொம்பிரசரால் அடிக்கவும் வேண்டாம். பழைய பேட், லைனர்களில் கல்நார் இருக்கலாம், நெஞ்சுக்கு ஆகாது. ஈரத் துணியால் துடைத்துத் துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள். பிள்ளைகள் அந்த நேரம் பக்கத்தில் வேண்டாம்.

இப்போது பழைய பேட் இரண்டையும் கையில் எடுத்து வடிவாகப் பாருங்கள். புதியதைப் போடும் அவசரத்தில் பலர் பார்க்காமல் விடுவது இதைத்தான். உள் பேட்டும் வெளிப் பேட்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கார்களில் நான் அடிக்கடி காண்பது வேறு. உள் பேட் இரும்புத் தகடு வரை போயிருக்கும், வெளிப் பேட்டில் பாதி மிச்சம் இருக்கும். காலிப்பர் இரண்டு பின்களில் வழுக்கி இங்கும் அங்கும் அசைந்தால்தான் இரண்டு பேட்டும் சமமாக டிஸ்க்கைப் பிடிக்கும். அந்தப் பின் கறள் பிடித்து இறுகிவிட்டால் உள் பேட் மட்டும் வேலை செய்து தேய்ந்து போகும். வாடைக் காற்றுக் காலத்தில் கடலிலிருந்து வரும் உப்பு ஈரம் பின்னின் றப்பர் உறையில் சின்னக் கிழிசல் இருந்தாலும் உள்ளே இறங்கிவிடும். பின்னை இழுத்து எடுத்தால் பழைய கிறீஸ் கருகி மெழுகு மாதிரி ஒட்டியிருக்கும், அதன் அடியில் செம்மஞ்சள் கறள் பொரிந்திருக்கும்.

அப்படி இருக்கிற பின்னை விட்டுவிட்டுப் புதுப் பேட் போட்டால், அந்தப் பேட்டும் அதே மாதிரி கெதியில் போகும். பின்னைக் கம்பி பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து, சிலிக்கோன் கிறீஸ் தடவுங்கள். பிரேக்குக்கு என்று சின்ன டியூபில் கிடைக்கும். சில்லுப் பெயாரிங்குக்குப் போடும் சாதாரணக் கிறீஸ் வேண்டாம், அது றப்பரை ஊத வைக்கும். பின் விரலால் தள்ளினாலே வழுக்கிப் போக வேண்டும். கறள் தின்று பள்ளம் விழுந்திருந்தால் பின்னையும் மாற்றிவிடுங்கள்.

டிஸ்க்கையும் பாருங்கள். ஆழமான கோடு, ஓரத்தில் நகம் தடுக்கும் வரம்பு, நீல நிறத் திட்டு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். குறைந்த தடிப்பு எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போயிருந்தால் புதுப் பேட் போட்டுப் பயனில்லை.

புதுப் பேட் தடிப்பானது. அதற்கு இடம் வேண்டுமானால் காலிப்பரில் பேட்டை அமத்தும் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். அதற்கு முன் பொனெட்டைத் திறந்து பிரேக் ஒயில் டாங்கியைப் பாருங்கள். பேட் தேயத் தேய ஒயில் இறங்குவதைக் கண்டு யாராவது இடையில் ஊற்றி நிரப்பியிருந்தால், பிஸ்டன் உள்ளே போகும்போது மேலே பொங்கி வழியும். சுத்தமான சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பெயின்ரில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ரை உரித்துவிடும். பழைய பேட் ஒன்றைப் பிஸ்டன்மேல் வைத்து, தச்சரிடம் இருக்கும் ஜீ கிளாம்ப் போட்டு மெதுவாக இறுக்குங்கள். ஸ்குரூட்ரைவரால் நெம்பினால் பிஸ்டனைச் சுற்றிய றப்பர் கிழியும். அந்த றப்பர் ஓரம் ஈரமாக இருந்தாலோ, பிஸ்டன் போகவே மறுத்தாலோ, அத்துடன் நிறுத்துங்கள். அது ஈர வேலை. இனி மெக்கானிக்தான் வர வேண்டும்.

காலிப்பர் கழன்றிருக்கும்போது பிள்ளைகள் யாரும் காருக்குள் ஏறிப் பிரேக்கை மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

எல்லாம் பூட்டி, சில்லைப் போட்டு, நட்டுகளை எதிரெதிராக இறுக்கி முடித்த பிறகு, ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பிரேக்கை மிதியுங்கள். முதல் மிதி தரை வரை போகும். பயப்பட வேண்டாம், உள்ளே தள்ளிய பிஸ்டன் திரும்பி வந்து பேட்டைத் தொட வேண்டும். மேலே கல்லுப் போல நிற்கும்வரை மிதியுங்கள். இதைச் செய்யாமல் ரிவர்சில் எடுத்தவர்கள் மதிலில்தான் போய் நின்றிருக்கிறார்கள். பிறகு ஒயில் மட்டத்தைச் சரி பாருங்கள். வாகனம் குறைவான ரோட்டில் 50இல் போய், 15 வரை வேகத்தை இறக்கி, திரும்ப வேகமெடுத்து, சில தடவைகள் இப்படி ஓட்டினால் பேட் டிஸ்க்கோடு படியும். முழுதாக நிறுத்திச் சூடான டிஸ்க்கின்மேல் பிரேக்கை அமத்தி வைத்திருக்க வேண்டாம். 50 கிலோமீற்றர் ஓடிய பிறகு நட்டுகளை இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள். வருடம் தவறாமல் லைசன்ஸ் எடுக்கும்போது காருக்குப் புகைப் பரிசோதனை செய்கிறார்கள், பிரேக்கைப் பார்ப்பதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதனால் எங்கள் ரோட்டில் ஓடுகிற பழைய வாகனம் ஏராளம். சில்லைக் கழற்றி உள்ளே பார்க்கிற ஒருவர் வீட்டில் இருப்பது பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு.

கேள்வி: நான் ஓட்டோ ஓட்டுகிறேன். பஜாஜ். பின் சில்லுக்குப் புது லைனர் நானே போட்டேன். இப்போது முதல் மிதிக்குப் பிரேக் இல்லை, இரண்டாம் மிதிக்குப் பிடிக்கிறது. பழகப் பழகச் சரியாகும் என்கிறார்கள். உண்மையா ஐயா?
– வாசகர், கிண்ணியா

பதில்: தம்பி, அது பழகிச் சரியாகிற விஷயம் இல்லை. கிண்ணியாப் பாலத்தில் முன்னால் போகிறவர் திடீரென்று நின்றால் உங்களுக்கு ஒரு மிதிக்குத்தான் நேரம் இருக்கும். இது சரியாகும்வரை ஆள் ஏற்றாதீர்கள்.

நிறுத்தி வைத்து ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு மூன்று தடவை மிதித்து, மேலே வந்த பிரேக்கை அப்படியே அமத்திப் பிடியுங்கள். அசையாமல் நின்றால் ஒயில் ஒழுக்கு இல்லை. லைனருக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூட இருக்கிறது, அல்லது லைனில் காற்று இருக்கிறது. மிதித்தால் பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தால் காற்று. கெட்டியாக, ஆனால் ஆழத்தில் பிடித்தால் இடைவெளி. லைனரை அட்ஜஸ்ட் செய்து, சில்லைக் கையால் சுற்றும்போது மெல்லிய உரசல் கேட்கும் அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

அமத்திப் பிடித்திருக்கும்போதே கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், ஒயில் எங்கோ தப்பிப் போகிறது. டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரின் றப்பர் மூடியை விரலால் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் அதன் கப், அதாவது ஒயிலை அடைத்து நிற்கும் றப்பர், போய்விட்டது, ஒயில் பட்ட புது லைனரும் போய்விட்டது. அங்கே காய்ந்திருந்தால், பைப்பிலும் ஹோஸிலும் கசிவு இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டர். புது லைனர் போடும்போது தேய்ந்த பழைய இடத்தை விட்டு வேறு இடத்தில் வீல் சிலிண்டரின் கப் நிற்க நேர்கிறது. அங்கே கறள் இருந்தால் கப் கீறுப்படும். அதனால்தான் லைனர் மாற்றும் வரை நன்றாக இருந்தது மாற்றிய பிறகு ஒழுகத் தொடங்குகிறது. உங்களுடைய லைனர் வேலையைக் குறை சொல்ல மாட்டேன். சிலிண்டர் வேலைக்கு மட்டும் மெக்கானிக்கிடம் போங்கள்.

கேள்வி: போன வருடம் வாங்கிய பிரேக் ஒயில் அரைப் போத்தல் வீட்டில் இருக்கிறது. பாவிக்கலாமா? இல்லாவிட்டால் அவசரத்துக்கு என்ஜின் ஒயில் ஊற்றலாமா?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: இரண்டும் வேண்டாம். பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். திறந்து வைத்த போத்தல் பழசு. என்ஜின் ஒயிலோ டீசலோ ஒரு கரண்டி போனாலும் உள்ளே இருக்கிற கப், சீல், ஹோஸ் எல்லாம் ஊதிப் போகும், முழுவதையும் மாற்ற வேண்டி வரும். டாங்கி மூடியில் ஒயிலின் வகை டொட் 3 அல்லது டொட் 4 (DOT 3, DOT 4) என்று எழுதியிருக்கும். அதையே சின்னப் போத்தலாக வாங்குங்கள். டொட் 5 சிலிக்கோன் சார்ந்தது, இவற்றோடு கலக்கக் கூடாது. பழைய ஒயிலைக் கிணற்றுப் பக்கம் மண்ணில் ஊற்றாதீர்கள், போத்தலில் அடைத்துக் கராஜில் கொடுங்கள்.

கேள்வி: குடும்பத்தோடு நுவரெலியா போய்த் திரும்பும்போது றம்பொடைப் பக்கம் இறங்குகையில் வேனுக்குப் பிரேக் மெத்தென்று ஆகிவிட்டது. கருகல் மணம் வேறு. ஓரம் கட்டி அரை மணித்தியாலம் நின்றோம், பிறகு சரியாகிவிட்டது. ஊருக்கு வந்து பேட்டைப் பார்த்தேன், பாதிக்கு மேல் இருக்கிறது. அப்படியே விடலாமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: ஓரம் கட்டி நின்றீர்களே, அதுதான் உங்களைக் காப்பாற்றியது. அப்படியே விட வேண்டாம்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர், கண்டி ஏறத்தாழ 500. நிறைந்த வேன் ஒன்று அவ்வளவு உயரத்தையும் பிரேக்கை மிதித்தே இறங்கினால் அத்தனையும் சில்லில் சூடாக மாறும். புத்தம் புது டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு அந்த அளவு 140 ஆகிவிடலாம். டொட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. ஒயில் கொதித்தால் ஆவிக் குமிழி வரும். திரவத்தை அமத்த முடியாது, ஆவியை அமத்தலாம். உங்கள் காலுக்கு மெத்தென்று பட்டது அந்த ஆவி. ஆறியதும் குமிழி மறைந்துவிடும். ஆனால் ஈரம் உள்ளேயே இருக்கிறது, அடுத்த இறக்கத்தில் இன்னும் கெதியாகக் கொதிக்கும்.

திருகோணமலையில் இது எங்களுக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம், எங்கள் ரோடு தட்டை. கந்தளாய், ஹபரண என்று போய் வருகிற வாகனம் பல வருடம் பழைய ஒயிலோடு ஓடும், ஒரு குறையும் காட்டாது. மலைக்குப் போன அன்றைக்குத்தான் காட்டும். கடலோரக் காற்றில் ஈரமும் கூட. ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒயிலை முழுதாக மாற்றுங்கள். இது ஈர வேலை, கராஜில் செய்வியுங்கள். ஒவ்வொரு சில்லிலும் காற்றெடுக்கும் நிப்பிளைத் திறந்து புது ஒயில் வரும்வரை மாற்றினார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். டாங்கியில் இருப்பதை மட்டும் மாற்றுவது போதாது. பேட்டின் முகம் கண்ணாடி மாதிரி மினுங்கினால் அதையும் மாற்றிவிடுங்கள். அடுத்த பயணத்தில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள், ஓட்டோமற்றிக் கியர் என்றால் 2 அல்லது எல் (L). பிரேக்கைத் தொட்டபடியே வராமல், பலமாக ஒரு தடவை அடித்து வேகத்தை இறக்கிவிட்டுக் காலை எடுங்கள்.

கேள்வி: டொயோட்டா அக்வா. ஹைபிரிட். பேட் மாற்றக் கராஜில் அதிகமாகக் கேட்கிறார்கள். வீட்டில் செய்யலாமா?
– வாசகி, உவர்மலை

பதில்: உங்கள் காரை மட்டும் வேண்டாம் என்பேன். கார் ஓஃபில் இருந்தாலும் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் தானாக அழுத்தம் கட்டத் தொடங்கலாம். காலிப்பர் கழன்றிருக்கும் நேரம் அது நடந்தால் பிஸ்டன் வெளியே வரும், விரலும் அகப்படும். ஹைபிரிட் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆனால் பேட் உண்மையிலேயே தேய்ந்திருக்கிறதா என்று முதலில் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஹைபிரிட்டில் வேகத்தைப் பெரும்பாலும் மோட்டார்தான் குறைக்கிறது, பேட் நெடுநாள் வரும். பேட் குறைவாக வேலை செய்வதாலேயே உங்கள் பக்கத்துக் கடல் காற்றில் பின் இறுகும். வருடத்துக்கு ஒரு தடவை பின்னைத் துப்புரவாக்கிக் கிறீஸ் போடச் சொன்னால் போதும்.

கேள்வி: காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்தால் முன் டிஸ்க் முழுக்கக் கறள். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் கறள் வராது என்று நண்பன் சொல்கிறான்.
– வாசகர், சல்லி

பதில்: தடவிவிட்டீர்களா தம்பி? தடவியிருந்தால் இன்றைக்கு அந்த சைக்கிளில் ரோட்டுக்குப் போகாதீர்கள். டிஸ்க்கைச் சவர்க்காரத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். பேட் எண்ணெயைக் குடித்திருந்தால் எதைப் போட்டும் எடுக்க முடியாது, புதிதாக வாங்குங்கள். இரவுக் காற்றில் டிஸ்க்கில் படிகிற மெல்லிய கறள் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் தானாகப் போய்விடும், அதனால் கெடுதி இல்லை. கடற்கரை மணலில் ஓட்டி வந்த நாளில் நல்ல தண்ணீரால் கழுவிவிட்டு, ஈரத்தோடு நிறுத்தி வைக்காமல் கொஞ்சம் ஓட்டி, பிரேக்கை இரண்டு தடவை பிடித்துக் காய வையுங்கள்.

கேள்வி: என் ஸ்கூட்டரில் டிரம் பிரேக். லைனர் எவ்வளவு இருக்கிறது என்று சில்லைக் கழற்றாமல் தெரியுமா?
– வாசகி, மூதூர்

பதில்: தெரியும். பிரேக் கம்பி வந்து மாட்டும் கையைப் பாருங்கள். பல ஹொண்டா வண்டிகளில் அந்தக் கையோடு ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், அதற்கு எதிரே சில்லின் மூடித் தகட்டில் ஒரு அடையாளம். பிரேக்கை முழுதாகப் பிடித்துக்கொண்டு பாருங்கள், அம்பு அந்த அடையாளத்துக்கு நேரே வந்துவிட்டால் லைனர் முடிந்தது. அதற்குப் பிறகு அட்ஜஸ்ட் நட்டை இறுக்கி இறுக்கி ஓட்டாதீர்கள். லைனர் கரைந்த பிறகு, லைனரைத் தள்ளி விரிக்கும் கேம் அளவுக்கு மிஞ்சித் திரும்பி, பிரேக் பிடித்தபடியே சில்லு இறுகிவிடலாம். லைனர் வாங்கப் போகும்போது பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், அகலத்தையும் ஸ்பிரிங் மாட்டும் ஓட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.